இரத்மலானை விமானப் புகையால் பிள்ளைக்கு முட்டு வருமா?

கேள்வி: 2024 நவம்பர் 16, காலை 8.20

இரத்மலானையில் ஓடுபாதைக்குக் கிட்டிய ஒழுங்கையொன்றில் மூன்று வருடமாக இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. இங்கு வந்த பிறகுதான் அவனுக்கு முட்டு (ஆஸ்துமா) தொடங்கியது. மாதத்தில் இரண்டு தடவையாவது இரவில் எழுப்பிப் பம்ப் அடிக்க வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலால் சிறிய விமானங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. மொட்டைமாடியில் காயப்போடும் வெள்ளை உடுப்பில் கறுப்புத் தூசி படிகிறது. விமானப் புகைதான் காரணம் என்று நான் சொல்கிறேன், கணவர் இல்லை என்கிறார். வீட்டை மாற்றினால் சரியாகுமா?

பதில் 1: 2024 நவம்பர் 16, இரவு 10.05

வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில், விமானங்கள் தரித்து நிற்கும் தளத்தில், ஒன்பது வருடம் பொதி ஏற்றி இறக்கும் வேலை செய்துவிட்டு 2016 இல் கொழும்புக்குத் திரும்பினேன். இப்போது வெள்ளவத்தையில் காலி வீதியோரம், பஸ் தரிப்பிடத்துக்கு நேர் முன்னால், போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு புகையையும் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த அனுபவத்தில் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல.

முதலில் பிள்ளையின் விடயம். இரவில் எழும்பிப் பம்ப் அடிக்க வேண்டி வருகிறதென்றால், முட்டு கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் வைத்தியர்கள் கொள்வார்கள். மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நீல நிறப் பம்ப் மட்டும் போதுமா, குழாயின் உட்சுவர் வீக்கத்தை நாளாந்தம் தணித்து வைக்கும் தடுப்புப் பம்ப்பும் தேவையா என்று சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள். புகையின் மூலத்தைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை. அறைக்குள் இரவில் நுளம்புச்சுருள் கொளுத்துகிறீர்களா, சாம்பிராணி போடுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் மூடிய அறையில் ஒரு சுருள் விடும் புகை, வானத்தில் போகும் எந்த விமானத்தை விடவும் பிள்ளையின் மூக்குக்குக் கிட்டியது.

விமானப் புகை பற்றி எனக்குத் தெரிந்தது இது. தளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், விமானம் மேலெழும்பும் போதுதான் அதிகம் புகைக்கும் என்று நினைத்திருந்தேன். மூக்கு வேறு விதமாகச் சொன்னது. மண்ணெண்ணெய் மணம் தொண்டையைப் பிடித்தது, தரையிறங்கிய விமானங்கள் இடம் கிடைக்காமல் மெதுவாக ஊர்ந்தும் நின்றும் காத்திருந்த வேளைகளில்தான். அதன் காரணம் பிறகுதான் விளங்கியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானமொன்று நிலையத்தருகே வெளியேற்றும் மாசைக் கணக்கிடும் போது, நிலத்தில் ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் 26 நிமிடம் எனவும், முழு வலுவில் மேலெழும்புவதற்கு 42 வினாடி எனவும் எடுத்துக்கொள்கிறது. அந்த 26 நிமிடமும் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ 7 வீதத்திலேயே இயங்குகிறது; அந்தத் தாழ்ந்த வெப்பத்தில் எரிபொருள் முழுதாக எரியாமல் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபன்களும் வெளியேறுகின்றன. முழு வலுவில் போகும் போது அவை குறைந்து, நைதரசன் ஒட்சைட்டுகள் கூடுகின்றன. நான் மணந்தது எரியாமல் மிஞ்சிய எரிபொருளைத்தான்.

பதில் 2: 2024 நவம்பர் 17, காலை 6.30

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். நான் சொன்னது பெரிய ஜெட் விமானங்களுக்குப் பொருந்தும். அக்கா கேட்டதோ சிறிய விமானங்களைப் பற்றி. இரண்டின் எரிபொருளும் வேறு.

ஜெட் எஞ்சினும், சுழலியால் விசிறியைச் சுற்றும் நடுத்தர விமானங்களும் எரிப்பது மண்ணெண்ணெய் வகை எரிபொருளை. அதில் ஈயம் கிடையாது. பயிற்சிக்குப் பயன்படும் மிகச் சிறிய விமானங்களில் பெரும்பாலானவை, கார் எஞ்சினைப் போன்ற பிஸ்டன் எஞ்சின் பூட்டியவை. அவற்றுக்காக உலகெங்கும் விற்கப்படும் அவ்காஸ் என்ற பெற்றோலில் லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கலக்க இன்றும் அனுமதி உண்டு. இலங்கையில் வாகனப் பெற்றோலிலிருந்து ஈயம் 2002 இல் நீக்கப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. வீதியிலிருந்து விரட்டிய ஈயம் வானத்தில் மட்டும் தங்கிவிட்டது.

ஈயத்தால் முட்டு வருவதில்லை. அது குழந்தையின் வளரும் மூளையைத் தாக்குகிறது. இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. கலிபோர்னியாவின் சாண்டா கிளாராப் பகுதியில் றீட்-ஹில்வியூ என்ற சிறு விமான நிலையத்தின் அருகே வாழ்ந்த பிள்ளைகளின் குருதியை ஆராய்ந்தபோது, நிலையத்துக்குக் கிட்டவும் காற்று வீசும் திசையிலும் இருந்தவர்களிடம் ஈயம் கூடுதலாகக் காணப்பட்டது. அந்த ஆய்வு 2021 இல் வெளிவந்தது, 2022 சனவரி முதலாம் திகதியிலிருந்து அங்கு ஈயம் கலந்த எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் 2023 ஒக்டோபரில் இந்த ஈயம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தானது என்று முறைப்படி தீர்மானித்தது.

உங்கள் தலைக்கு மேலால் பறப்பவை எந்த எரிபொருளை எரிக்கின்றன என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. சிகிச்சை நிலையத்துக்குப் போகும் போது, குருதியில் ஈயம் பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. முட்டு வேறு, ஈயம் வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பதற்காகவே இந்தக் காலையில் எழுதுகிறேன்.

பதில் 3: 2024 நவம்பர் 23, இரவு 9.15

உடுப்பில் படியும் கறுப்புத் தூசி பற்றி.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. இரவில் பூட்டும் போது கதவோர மேசையிலுள்ள தாள்க்கட்டின் உறையைப் பிரித்துவிட்டால், மறுநாள் காலை மேல்தாளை எறிய வேண்டியிருக்கும். விரலால் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். நகக்கண்ணில் ஒட்டியது சவர்க்காரத்துக்கும் இலேசில் போகாது. பல நாள் அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கக் காற்றை நான் அளந்து வந்தேன்.

அது தவறான அளவுகோல். கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பங்கு வீதி மண், டயர்த் தேய்வு, பிரேக் தேய்வு, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட கரி ஆகியவை. இவ்வளவு பெரிய துணிக்கைகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். சுவாசப்பையின் சிற்றறை வரை இறங்குவது 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த பி.எம். 2.5 துணிக்கை, தலைமயிரொன்றின் தடிப்பில் இருபதில் ஒரு பங்களவுதான் அதன் விட்டம். 0.1 மைக்கிரோமீற்றரிலும் சிறியவை சிற்றறையின் சுவரைக் கடந்து குருதிக்குள் புகக்கூடியவை. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2019 இல் கர்ப்பிணிகளின் சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்), சிசுவின் பக்கத்திலேயே, கரித் துணிக்கைகளைக் கண்டார்கள். மாரடைப்பு, பாரிசவாதம், குறைந்த பிறப்பு நிறை என்று சுவாசப்பையோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும் வருத்தங்கள் ஏன் வாகனப் புகையோடு சேர்த்துப் பேசப்படுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே அக்கா, உடுப்பு வெள்ளையாக இருந்தாலும் காற்று சுத்தம் என்று ஆகாது. உடுப்பு கறுத்தாலும் அது விமானம் என்று ஆகாது. காலி வீதி உங்கள் ஒழுங்கையிலிருந்து எவ்வளவு தூரம், மகன் பாடசாலைக்கு எதில் போகிறான்?

பதில் 4: 2024 நவம்பர் 30, மாலை 5.40

அக்காவின் பதிலைப் பார்த்தேன். பாடசாலை வான் காலை 6.10 க்கு வருகிறது, மகன் இரண்டாவதாக ஏறும் பிள்ளை, மற்றப் பிள்ளைகளை ஏற்றக் காலி வீதியோரம் மூன்று இடங்களில் வான் நிற்கிறது, பின்னேரம் பாடசாலை வாசலில் இன்னும் இருபது வான்களோடு சேர்ந்து 25 நிமிடம் ஸ்டார்ட்டிலேயே நிற்கிறது, குளிரூட்டி வேலை செய்ய வேண்டுமென்பதற்காக.

விமானத்தைப் பற்றிக் கேட்டு வந்த கேள்விக்கான விடை இந்த 25 நிமிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வான் ஓடும் போது புகை காற்றில் கலந்து கரைகிறது. இருபது வான்கள் ஒன்றின் வாலில் ஒன்றாக நிற்கும் போது, முன்வானின் புகைக்குழாய் பின்வானின் காற்று உள்ளிழுக்கும் வாய்க்கு நேரே இருக்கிறது. வாசலில் காத்து நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையின் முகம் புகைக்குழாய்க்கு எங்களின் முகத்தை விடக் கிட்ட இருக்கிறது. அவன் எங்களை விட வேகமாக மூச்சு விடுகிறான். உடல் நிறையோடு ஒப்பிட்டால் எங்களை விட அதிகம் காற்றை உள்ளே எடுக்கிறான். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் வரிசையில் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2012 இல் சேர்த்தது. டீசல் புகையிலுள்ள நைதரசனீரொட்சைட்டு மூச்சுக்குழாயின் உட்சுவரை வீங்கச் செய்யும், முட்டு உள்ள பிள்ளைக்கு அதைக் கிளறிவிடும்.

விமானத்துக்கும் இதே கதைதான். கலிபோர்னியாவின் 12 பெரிய விமான நிலையங்களை ஆராய்ந்த இரு பொருளியலாளர்களின் ஆய்வு 2016 இல் வந்தது. தூரத்துக் கிழக்குக் கரையில் வானிலையால் ஏற்படும் தாமதம், மேற்குக் கரை நிலையங்களிலும் விமானங்களை நிலத்தில் காக்க வைக்கிறது. அப்படிக் காத்திருப்பு நீண்ட நாட்களில், நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றருக்குள் காபனோரொட்சைட்டு கூடியது. மூச்சுக் கோளாறுக்கும் இதய வருத்தத்துக்கும் வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகையும் கூடியது. அவ்விடத்து வானிலையும் பருவமும் காரணமல்ல, நின்றபடி இயங்கிய எஞ்சின்தான் காரணம் என்று பிரித்துக் காட்ட முடிந்தது என்பதே இந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம்.

பதில் 5: 2024 டிசம்பர் 3, இரவு 8.50

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி, விமானத்தையும் வானையும் பேசுகிறீர்கள், துறைமுகத்தில் நிற்கும் கப்பலை விட்டுவிட்டீர்களே என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். வருடத்தில் பல மாதம் அவர்கள் பக்கத்துக் காற்று துறைமுகத்தைத் தாண்டித்தான் வருகிறது. கப்பலும் கரையில் கட்டி நிற்கும் போது மின்சாரத்துக்காக ஓர் எஞ்சினை ஓடவிட்டபடியே நிற்கும்.

கந்தகத்தை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஐரோப்பாவில் வீதி வாகன டீசலில் பத்து இலட்சம் பங்குக்கு 10 பங்குதான் கந்தகம் இருக்கலாம். விமான மண்ணெண்ணெயில் 3,000 பங்கு வரை அனுமதி. கப்பல் எண்ணெயில் 35,000 பங்கு வரை இருந்ததை 2020 சனவரி முதல் 5,000 ஆகக் குறைத்தார்கள். கந்தகம் காற்றில் சல்பேற்று நுண்துணிக்கையாக மாறும்.

பதில் 6: 2024 டிசம்பர் 4, காலை 7.10

நேற்றைய எண்ணுக்கு ஒரு விளக்கம். 3,000 என்பது மேல் எல்லை மட்டுமே. நடைமுறையில் விமான எரிபொருளில் கந்தகம் அதைவிட வெகுவாகக் குறைவு, பெரும்பாலும் சில நூறு பங்குதான். எல்லையைச் சொல்லிவிட்டு நடப்பைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பொய்.

பதில் 7: 2024 டிசம்பர் 14, இரவு 10.30

மூன்று நாளாக மகனுக்குக் கூடியிருக்கிறது, விமானம் எதுவும் கூடவில்லையே என்று அக்கா எழுதியிருக்கிறார். வானையும் உடனே குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வந்து கொழும்பைக் கழுவிவிடுகிறது. கார்த்திகை முதல் தை வரை காற்று திரும்பி, வங்காள விரிகுடாவைக் கடந்து, இந்தியப் பெருநிலத்தின் புகையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. 2022 டிசம்பரில் காற்றின் தரம் மோசமானதால் நாடெங்கும் அரச பாடசாலைகளை 9 ஆம் திகதி மூடினார்கள். அன்று நான் கடையைத் திறந்தபோது தெருவின் மறுகரைக் கட்டடம் பால் ஊற்றியதுபோல் மங்கித் தெரிந்தது. வாகனம் அன்று குறைவு, காற்றோ மோசம்.

பக்கத்து நாட்டிலிருந்து வருவதை நாங்கள் நிறுத்த முடியாது என்று கைகட்டி இருப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. வெளியிலிருந்து வருவதன் மேல்தான் எங்கள் புகையும் ஏறுகிறது. பாத்திரம் ஏற்கெனவே முக்கால் நிறைந்திருக்கும் நாளில், நாங்கள் ஊற்றும் கால்பங்குதான் வழியச் செய்கிறது. இலங்கையின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி பி.எம். 2.5 இன் வருடச் சராசரி கன மீற்றருக்கு 25 மைக்கிரோகிராமைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் தன் வழிகாட்டலை 10 இலிருந்து 5 ஆகக் குறைத்தது. சட்டப்படி சுத்தமான காற்று, சுவாசப்பையின் கணக்கில் ஐந்து மடங்கு அழுக்காக இருக்கலாம்.

இப்படியான நாட்களில் மகனை வெளியே ஓடி விளையாட விடாதீர்கள். தடுப்புப் பம்ப் கொடுத்திருந்தால், சுகமாகத் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள்.

பதில் 8: 2024 டிசம்பர் 28, பிற்பகல் 3.00

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் உள்ளங்கையளவு கருவியொன்று கொண்டுவந்தான். பி.எம். 2.5 ஐத் திரையில் காட்டும். மூன்று நாள் இரவலாக வாங்கிக் கடையில் வைத்தேன்.

அதிகாலையில், ஒரு பஸ்ஸும் வராத வேளையிலேயே, எண் உயர்ந்திருந்தது. கறுப்புப் புகை கக்கும் பழைய பஸ் ஒன்று கதவடியில் வந்து நின்றபோது எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. புதிய பஸ் நின்றபோது பெரிதாக அசையவில்லை. மரைன் டிரைவ் பக்கம், கடற்காற்றில், இறங்கி நின்றது. பக்கத்துக் கடைக்காரரையும் அழைத்துக் காட்டினேன். பழைய பஸ்களை மட்டும் ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

பதில் 9: 2025 சனவரி 4, இரவு 11.20

அந்த முடிவை மீளப் பெறுகிறேன். மருமகன் வந்து விளக்கினான்.

இவ்வகை மலிவான கருவி, துணிக்கையில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. ஏறத்தாழ 0.3 மைக்கிரோமீற்றரை விடச் சிறிய துணிக்கையை அதனால் காண இயலாது. ஈரப்பதன் கூடிய வேளையில் துணிக்கைகள் நீரை உறிஞ்சிப் பருத்து, எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். அதிகாலை எண்ணில் ஒரு பங்கு வெறும் ஈரம். புதிய பஸ்ஸின் எஞ்சின் பெரிய கரியைக் குறைத்திருக்கலாம், ஆனால் அதன் பின்னால் நின்றபோது என் கண் எரிந்தது உண்மை. கருவி அதைக் காணவில்லை.

ஜெட் எஞ்சினின் துணிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தக் குருட்டு எல்லைக்குள்தான் விழுகின்றன. எடை போட்டால் ஒன்றுமே இல்லை, எண்ணிப் பார்த்தால் கோடிக்கணக்கு. லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் காற்றுவழியில் 2014 இல் வெளிவந்த அளவீட்டில், 8 முதல் 10 கிலோமீற்றர் வரையிலும் இத்துணிக்கைகளின் எண்ணிக்கை நான்கைந்து மடங்காகவும், 16 கிலோமீற்றரில் இரு மடங்காகவும் இருந்தது. அதுவரை விமான நிலையத்தின் மாசு வேலிக்குக் கிட்ட மட்டும்தான் என்று கருதி வந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றுக்கு இன்னும் எல்லை விதிக்கவில்லை. கன சென்ரிமீற்றருக்கு 24 மணிநேரச் சராசரி 1,000 க்குக் குறைந்தால் தாழ்வு, 10,000 ஐத் தாண்டினால் உயர்வு என்று மட்டும் 2021 இல் சொன்னது.

வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் இதே குறை உண்டு. டீசல் வாகனத்தில் பார்ப்பது புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதையே. கறுப்பாக வந்தால் பிடிபடும், கண்ணுக்குத் தெரியாதது தேறிவிடும்.

பதில் 10: 2025 சனவரி 6, இரவு 9.45

அப்படியென்றால் விமானத் தளத்தில் ஒன்பது வருடம் இருந்த உங்களுக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார்கள்.

விமானத்தின் வாலில் ஒரு சிறிய எஞ்சின் உண்டு. பிரதான எஞ்சின்கள் நின்ற பிறகும் உள்ளே குளிரும் வெளிச்சமும் கொடுக்க அது ஓடிக்கொண்டே இருக்கும். பின்பக்கப் பொதியறையில் வேலை செய்பவன் அதன் வெப்பமூச்சின் கீழேதான் குனிந்து நிற்பான். கோடைகாலத்தில் தளத்தின் சூடும் அந்தக் காற்றும் சேர்ந்து, பொதிகளின் கைபிடியே மண்ணெண்ணெய் மணக்கும். சோறு சாப்பிடும் போதும் விரலில் அந்த மணம் இருக்கும். வேலை கொடுத்தவர்கள் காதுக்கு அடைப்புத் தந்தார்கள். மூச்சுக்கு எதுவும் தரவில்லை. இரண்டு தடவை நாங்கள் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. என்னோடு வேலை செய்த ஒருவர் நாற்பத்தாறு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் ஊர் திரும்பினார். அவர் புகைபிடித்தவரல்லர். இன்றும் அவர் தொலைபேசியில் பேசும் போது வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நிறுத்துவார்.

எனக்குக் காலையில் இருமல் உண்டு. அது அங்கே பிடித்ததா, எட்டு வருடம் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் இருந்ததில் பிடித்ததா என்று பிரிக்க எந்த வைத்தியராலும் முடியவில்லை.

விமானப் போக்குவரத்தின் மாசால் உலகில் வருடத்துக்குச் சுமார் 16,000 அகால மரணங்கள் என்றும், அதில் ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களின் 20 கிலோமீற்றருக்குள் என்றும் 2015 இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெளிக்காற்று மாசு முழுவதாலும் 2019 இல் 42 இலட்சம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. விமானத்தின் பங்கு சிறிது என்று இதைப் படிக்கலாம். அந்தச் சிறிய பங்கு யாருடைய தலையில் இறங்குகிறது என்று கேட்டால், தளத்தில் நிற்பவர்களும் வேலியோரம் குடியிருப்பவர்களும்தான்.

பதில் 11: 2025 சனவரி 19, காலை 11.00

"ஒரு வான் எஞ்சினை நிறுத்தி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டவருக்கு.

1996 இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்த பதினேழு நாளும் நகரத்துக்குள் கார்களைக் குறைத்தார்கள். பிள்ளைகளின் முட்டுக்கான அவசர சிகிச்சை நாற்பது வீதமளவில் குறைந்தது என்று 2001 இல் எழுதினார்கள். ஸ்டொக்ஹோமில் நகருக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்த பிறகு, சிறு பிள்ளைகளின் முட்டுத் தாக்குதல்கள் வருடங்கள் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வந்தன.

பதில் 12: 2025 சனவரி 21, இரவு 8.15

அட்லாண்டாக் கதையை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 2010 இல் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் வருடங்களையும் அயல் நகரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, வாகனப் புகையில் வெயில் பட்டு நிலத்தருகே உருவாகும் ஓசோன் வாயு சுற்றுவட்டாரம் முழுவதிலும் வானிலையால் குறைந்திருந்ததையும், அவசர சிகிச்சை குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்பதையும் கண்டார்கள். ஸ்டொக்ஹோம் முடிவை நான் மாற்றவில்லை.

எங்களிடமும் இப்படியொரு பாடம் இருந்தது. 2020 ஊரடங்கின் போது கொழும்பிலிருந்து சிவனொளிபாத மலை தெரிந்தது. படம் எல்லோருடைய தொலைபேசியிலும் வந்தது. அதே மாதிரி 2022 இல் எரிபொருள் இல்லாமல் வீதி வெறிச்சோடியபோது காற்றும் சுத்தமாகியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என் கடை வாசலில் அப்படி இருக்கவில்லை. நாள் முழுக்க மின்வெட்டு. காலி வீதியில் டீசல் கிடைத்த கடைகளெல்லாம் நடைபாதையில் ஜெனரேற்றரை இறக்கி வைத்தன, எரிவாயு இல்லாததால் பின்புறத் தொடர்மாடிகளில் விறகு எரிந்தது. ஓடும் எஞ்சின் குறைந்து, நிற்கும் எஞ்சின் கூடிய மாதங்கள் அவை. அப்போதுதான் என் இருமல் இரவிலும் வரத் தொடங்கியது.

பதில் 13: 2025 பெப்ரவரி 9, மாலை 6.20

முகக்கவசம், காற்றுச் சுத்திகரிப்பான், வீடு மாற்றல் என்று அக்காவின் மூன்று கேள்விகள்.

துணிக் கவசம் இந்தத் துணிக்கைகளைத் தடுக்காது. என்-95 வகை தடுக்கும். ஆனால் ஆறு வயது முகத்தில் விளிம்பு இறுகாது, முட்டு உள்ள பிள்ளை அதனோடு ஓடவும் கஷ்டப்படும். சுத்திகரிப்பான் மூடிய படுக்கையறையில் துணிக்கையைக் குறைக்கும், பெரும்பாலும் வாயுவைக் குறைக்காது. கையில் காசு குறைவென்றால் முதலில் நுளம்புச்சுருளை விட்டு நுளம்புவலைக்கு மாறுங்கள்.

வீட்டை மாற்றுவது பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். லண்டனில் எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 இல் முட்டினால் இறந்தாள். நெரிசல் மிக்க சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிகக் கிட்டவே அவளுடைய வீடு இருந்தது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, வளி மாசு அவளுடைய மரணத்துக்குப் பங்களித்தது என்று தீர்ப்பளித்தார்; வீதி வாகனங்களே அந்த மாசின் முதன்மை மூலம் என்றும், தாய்க்கு ஆபத்து முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்றும் அதில் பதிந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைந்த அந்தத் தாய்க்கு, வீட்டு வாசலிலுள்ள வீதியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு நான் திரும்பத் திரும்ப வந்து எழுதுவது அதனால்தான்.

வாகனப் புகையின் செறிவு பெருவீதியின் கரையில் உச்சமாக இருந்து, முதல் 150 முதல் 300 மீற்றருக்குள் பெருமளவு விழுந்துவிடும். உங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிட்டு, விமானத்துக்குப் பயந்து வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த தொடர்மாடிக்கு வந்தால், இருப்பதை விட மோசமான காற்றுக்கு வாடகை கொடுப்பீர்கள். இப்போது மாற்ற வேண்டாம்.

பதில் 14: 2025 மார்ச் 15, இரவு 9.30

அக்கா தந்த செய்தி: மகனின் குருதி ஈய அளவு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பிள்ளைகளுக்குக் கவனிக்கச் சொல்லும் டெசிலீற்றருக்கு 3.5 மைக்கிரோகிராமுக்குக் கீழே. தடுப்புப் பம்ப் டிசம்பர் நடுவில் தொடங்கியது. சனவரியில் ஓர் இரவு மட்டும் முட்டு, பெப்ரவரியில் இல்லை. வான் சாரதி சனவரி கடைசியிலிருந்து வாசலில் எஞ்சினை நிறுத்துகிறார். பம்ப்பா, எஞ்சினா, திரும்பிய காற்றா என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே காலத்தில் நடந்தன. பம்ப்புக்குத்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

சாரதியின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். குளிரூட்டி நின்றால் பிள்ளைகள் வியர்த்து வீடு போகிறார்கள், பெற்றோர் அவருக்குத்தான் ஏசுகிறார்கள். மற்ற வான்காரர்களும் அதற்காகவே தயங்குகிறார்களாம். பெற்றோருக்குக் கொடுக்க ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று அவர் கேட்டதாக அக்கா எழுதியிருந்தார். நேற்று எழுதி, இருபது வானுக்கும் போதுமான பிரதிகளைக் கடையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். வேறு பாடசாலைகளுக்குத் தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"அன்புள்ள பெற்றோருக்கு, பாடசாலை வாசலில் காத்து நிற்கும் நேரத்தில் இந்த வானின் எஞ்சினும் குளிரூட்டியும் நிறுத்தப்பட்டிருக்கும். நிற்கும் வாகனத்தின் புகை பிள்ளைகளின் மூச்சுக்குழாயைப் பாதிக்கிறது. வான் நிழலில் யன்னல் திறந்து நிறுத்தப்படும். வீதியில் ஓடத் தொடங்கியதும் குளிரூட்டி போடப்படும். பிள்ளையிடம் ஒரு போத்தல் தண்ணீரும் சிறு துவாயும் கொடுத்தனுப்புங்கள். முட்டு உள்ள பிள்ளையின் பம்ப் எந்தப் பையில் இருக்கிறது என்பதைச் சாரதியிடம் சொல்லி வையுங்கள்."